தபால் கப்பலா, உல்லாசக் கப்பலா? ஹுர்டிக்ரூட்டன் வந்த வழி

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. நார்வேயின் ஹுர்டிக்ரூட்டனைச் சிலர் பழைய தபால் கப்பல் என்கிறார்கள், சிலர் காசு அதிகம் பிடிக்கும் உல்லாசக் கப்பல் என்கிறார்கள், இதில் எது சரி? அதே தடத்தில் இப்போது ஹாவிலா என்று இன்னொரு கம்பெனியும் ஓடுகிறதே, அது எப்படி?

முதல் கேள்விக்கு இரண்டுமே சரி என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவதற்குப் பதில் பெயரிலேயே இருக்கிறது. நார்வேஜிய மொழியில் 'ஹுர்டிக்' என்றால் விரைவு, 'ரூட்டன்' என்றால் தடம். விரைவுத்தடம், அவ்வளவுதான். 1893இல் தொடங்கி நூறாண்டுக்கும் மேலாக அது ஒரு தடத்தின் பெயராகத்தான் இருந்தது. பல கம்பெனிகள் முறை வைத்து அதில் கப்பல் விட்டன. அந்தப் பெயரை ஒரே கம்பெனி தன் பெயராகவே வைத்துக்கொண்டது 2000களில்தான். தடம் வேறு, கம்பெனி வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

1890 வாக்கில் வட நார்வேயில் வாழ்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். தலைநகரிலிருந்து ரயில் பாதை 1877இலேயே ட்ரொன்ஹெய்ம் வரை வந்துவிட்டது. அதற்கு வடக்கே மலை, ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல் கை), ஆயிரக்கணக்கான தீவுகள். அங்கே கடல்தான் சாலை. (போடோ நகரத்துக்கு ரயில் வந்து சேர 1962 ஆயிற்று. அதற்கும் வடக்கே நார்வேயின் சொந்த ரயில் பாதை இன்றுவரை நீளவில்லை.) நீராவிக் கப்பல்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் இருட்டினால் நங்கூரம் போட்டுவிடுவார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எழும்பாது என்னும்போது, இருட்டில் ஓடாத கப்பலால் யாருக்கு என்ன பயன்? நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வடகோடியில் உள்ள ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர கோடையில் மூன்று வாரம் வரை ஆகும், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை ஆகும் என்பார்கள். மீன் விற்பவருக்கு விலை எப்போது தெரியும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரசின் நீராவிக் கப்பல் ஆலோசகராக இருந்த ஆகஸ்ட் கிரிக்ஸ்மான் கிரான், 1891இல் இரவு பகல் பாராமல் ஓடும் ஒரு விரைவுத்தடம் வேண்டும் என்று முன்மொழிந்தார். பெர்கனிலும் ட்ரொன்ஹெய்மிலும் இருந்த இரண்டு பெரிய கம்பெனிகளிடம் கேட்டார்கள். இரண்டும் கையை விரித்துவிட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று ட்ரொன்ஹெய்முக்கு வடக்கே இருந்த கலங்கரை விளக்கங்கள் 28, நம்பத்தக்க கடல் வரைபடங்கள் இரண்டு. அந்தப் பாறைத்திட்டுகளுக்கு நடுவே கும்மிருட்டில் முழுவேகத்தில் கப்பல் ஓட்டு என்றால் எந்த முதலாளி தலையாட்டுவார்?

தலையாட்டியவர் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன். வெஸ்டெரோலன் தீவுகளில் ஸ்டொக்மார்க்னெஸ் என்ற சின்ன ஊரில் 1881இல் ஒரு கப்பல் கம்பெனி தொடங்கியவர். அவரும் ஆண்டர்ஸ் ஹோல்ட்டே என்ற வழிகாட்டி மாலுமியும் பல வருடங்களாக ஒரு வேலை செய்துவந்தார்கள். எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை நிமிடம் ஓடினால் அடுத்த திருப்பம் வரும் என்பதைப் பயணத்துக்குப் பயணம் குறித்து வைத்தார்கள். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் திசைகாட்டி, கடிகாரம், குறிப்பேடு மூன்றும் போதும் என்பது அவர்களின் கணக்கு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளியே இருப்பவர்களுக்கு அது அசட்டுத் துணிச்சலாகத் தெரிந்திருக்கும். அவர்களுக்கோ அது வருடக்கணக்கில் சேர்த்த கணக்கு.

1893 மே 18 அன்று அரசுடன் நான்கு வருட ஒப்பந்தம் ஆயிற்று. வருடத்துக்கு 70,000 குரோனர் மானியம், வாரம் ஒரு பயணம். கோடையில் ட்ரொன்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்ட் வரை, குளிர்காலத்தில் ட்ரொம்ஸோ வரை. ஜூலை 2 காலையில் 'வெஸ்டெராலன்' என்ற நீராவிக் கப்பல் ட்ரொன்ஹெய்மை விட்டுக் கிளம்பியது. 67 மணி நேரம் கழித்து, ஜூலை 5 விடியற்காலையில், அறிவித்த நேரத்துக்குச் சற்று முன்பாகவே ஹாமர்ஃபெஸ்டில் போய் நின்றது. கோடை ஆதலால் அந்த முதல் பயணத்தில் இருட்டே இல்லை. உண்மையான சோதனை அடுத்து வந்த குளிர்காலத்தில்தான். அதிலும் தேறிவிட்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்த கடிதம் ஏழு நாளில் கைக்கு வந்தது.

நடக்காது என்று சொன்ன இரண்டு பெரிய கம்பெனிகளும் மறு வருடமே, 1894இல், அதே தடத்துக்கு வந்து சேர்ந்தன. 1898இல் தென்முனை பெர்கனுக்கு நகர்ந்தது. வடமுனை மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில் ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்கெனெஸில் வந்து நின்றது. 1936 முதல் பெர்கனிலிருந்து தினம் ஒரு கப்பல். இன்றைய தடத்தின் வடிவம் அதுதான். 34 துறைமுகங்கள், போய்வர ஏறத்தாழ 2,500 கடல் மைல், பன்னிரண்டு நாள்.

சரி, சுற்றுலா எப்போது உள்ளே வந்தது? பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விரைவுத்தடம் தொடங்கிய மூன்றே வருடத்தில், 1896இல், அதே வித், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு ஒரு கோடைக்காலத் தடம் தொடங்கி, அங்கே பயணிகள் தங்க மரத்தில் ஒரு விடுதியும் கட்டினார். 1897இல் அந்தத் தடத்துக் கப்பலான 'லோஃபோட்டன்' யார் கையில் இருந்தது தெரியுமா? முந்தைய வருடம்தான் துருவ ஆய்வாளர் நான்செனின் 'ஃப்ராம்' கப்பலை ஆர்க்டிக் பனியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த ஓட்டோ ஸ்வெர்ட்ரூப் கையில். இன்றைக்குத் துருவப் பயணங்களை விற்கும் கம்பெனிகள் இதைவிடப் பெரிய விளம்பரத்துக்கு எங்கே போகும்? தொழில் என்னவோ தேறவில்லை, சீக்கிரமே கைவிடப்பட்டது. ஆனால் தபாலும் சுற்றுலாவும் ஒரே ஆளின் தலையில், ஒரே பத்தாண்டில் உதித்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருந்தாலும் அடுத்த எண்பது வருடம் கப்பல்களை ஓட்டியது தபாலும் சரக்கும் கரையோர மக்களும்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், மீன்பிடிப் பருவத்துக்கு வேலை தேடிப் போகிறவர், கடைக்கு வரவேண்டிய மாவு மூட்டை எல்லாம் அதில்தான். அதனாலேயே இரண்டாம் உலகப்போர் இந்தத் தடத்தை மிக மோசமாகத் தாக்கியது. ஜெர்மானியர் நாட்டைப் பிடித்திருந்தார்கள். கப்பல் ஓடாவிட்டால் ஊர்கள் பட்டினி. ஓடினாலோ அதில் ஜெர்மானியப் படையினரும் ஏறிக்கொள்வார்கள், உடனே அது நேச நாடுகளின் இலக்காகிவிடும். 1941 செப்டம்பர் 13 அன்று ஒரே நாளில் இரண்டு கப்பல்கள் போயின. 'பாரோய்' பிரிட்டிஷ் விமானத்தின் டார்பிடோவில், 'ரிச்சர்ட் வித்' பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் டார்பிடோவில். அடுத்த மாதம், 1893இல் முதல் பயணம் போன அதே 'வெஸ்டெராலன்' சோவியத் நீர்மூழ்கி ஒன்றினால் மூழ்கடிக்கப்பட்டது. அப்புறம் ட்ரொம்ஸோவுக்கு வடக்கே பெரிய கப்பல்களை நிறுத்திவிட்டு, சிறிய மீன்பிடிப் படகுகளை வைத்து ஒப்பேற்றினார்கள்.

1944 பிப்ரவரியில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. 'இர்மா' என்ற கப்பலை டார்பிடோ படகுகள் தாக்கி மூழ்கடித்தன. 61 பேர் இறந்தார்கள். அந்தப் படகுகளில் இருந்தவர்கள், பிரிட்டனிலிருந்து போரிட்டுவந்த நார்வே மாலுமிகள். தங்கள் நாட்டுப் பயணிகள் கப்பல் அது என்று தெரியாமல் செய்த காரியம்.

அமைதிக் காலத்திலும் அந்தக் கடல் யாரையும் சும்மா விட்டதில்லை. தடத்தின் பெரும்பகுதி தீவுகளின் மறைவில் போகும். ஸ்டாட், ஹுஸ்டாட்விக்கா, ஃபோல்டா, வெஸ்ட்ஃபியோர்டு போன்ற சில இடங்களில் மட்டும் திறந்த கடலைக் கடக்க வேண்டும். 1962 அக்டோபரில் ஃபோல்டாவைக் கடக்கும்போது 'சாங்க்ட் ஸ்வித்துன்' தவறான திசையில் போய்ப் பாறையில் மோதி மூழ்கியது. 41 பேர் உயிரிழந்தார்கள். நன்கு பழகிய தடத்தில் கப்பல் ஏன் திசைமாறியது என்பதற்கு இன்றுவரை தெளிவான விடை இல்லை. அண்மைக் காலத்தில், 2011 செப்டம்பரில், ஓலெசுண்ட் அருகே 'நூர்ட்லீஸ்' கப்பலின் எஞ்சின் அறை தீப்பற்றி இரண்டு சிப்பந்திகள் இறந்தார்கள். கப்பல் துறைமுகத்திலேயே சாய்ந்து, கவிழ்ந்துவிடுமோ என்ற நிலைக்குப் போய் மீண்டது.

1960களிலிருந்து தொழிலின் அடித்தளமே ஆட ஆரம்பித்தது. சாலைகள் வந்தன, பாலங்கள் வந்தன, சின்ன ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் வந்தன. மூன்று நாள் கப்பலில் போன ஆள் இப்போது ஒரு மதியத்தில் போய்விடுகிறார். 1980களில் தபாலும் கைவிட்டுப் போனது. தபாலே இல்லாத தபால் கப்பலுக்கு அரசு ஏன் மானியம் தரவேண்டும் என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போயிற்று. பெர்கன் கம்பெனி 1979இலேயே விலகிவிட்டது.

கப்பல்களைப் பார்த்தாலே இந்த மாற்றம் தெரிந்துவிடும். 1956இல் கட்டிய 'ஃபின்மார்க்கன்' சரக்கைக் கிரேனால் தூக்கி இறக்கிய, மரப்பலகை போர்த்திய பழைய பாணி. 1982-83இல் வந்த மூன்று கப்பல்களில் பக்கவாட்டுக் கதவு திறக்கும், ஃபோர்க்லிஃப்ட் நேராக உள்ளே போகும், காரும் ஏற்றலாம். அதாவது அப்போதும் சரக்கை நம்பியே கட்டினார்கள். 1993இல் 'கோங் ஹரால்ட்', புதிய 'ரிச்சர்ட் வித்' இரண்டும் வந்தபோது அளவு ஒரேயடியாகக் கூடிவிட்டது. ஏராளமான கேபின்கள், கண்ணாடிச் சுவர் கொண்ட கூடங்கள், உணவகங்கள். 1997க்குள் அப்படி ஆறு கப்பல்கள். கரையோர மக்களுக்கு அவ்வளவு படுக்கை தேவையே இல்லை. ஜெர்மானியச் சுற்றுலாப் பயணிக்காகவும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்காகவும் கட்டிய கப்பல்கள் அவை. உல்லாசக் கப்பலாக மாறிய கணம் எது என்று கேட்டால் நான் 1993ஐத்தான் சொல்வேன். நூற்றாண்டு விழா வருடமும் அதுவே.

ஆனால் தபால் கப்பலின் குணம் போகவில்லை. அதுதான் இதன் தனிச்சுவை. கப்பல் நடுராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ ஒரு சின்ன ஊரில் கால்மணி நேரம் நிற்கும். நான்கு பெட்டி மீன் ஏறும், ஒரு வாஷிங் மெஷின் இறங்கும், தூக்கக் கலக்கத்தில் ஒரு பையன் முதுகுப்பையோடு ஏறுவான். கேபின் எடுக்காமல் ஒரு துறையில் ஏறி அடுத்த துறையில் இறங்குகிறவர்கள் சாய்வு நாற்காலியில் கிடப்பார்கள். வடக்கே போகும்போது இரவில் தொட்ட ஊர்களைத் தெற்கே வரும்போது பகலில் தொடும்படி அட்டவணை இருப்பதால், முழுச் சுற்று போகிறவர் எதையும் தவறவிடுவதில்லை. கேசினோ கிடையாது, பெரிய மேடை நிகழ்ச்சிகள் கிடையாது. ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும்போது சட்டைக் காலருக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுவிடுவார்கள், கொண்டாட்டம் என்றால் அவ்வளவுதான்.

இந்தச் சாதாரணத்தன்மைக்கு எவ்வளவு ஈர்ப்பு என்பது 2011 ஜூனில் தெரிந்தது. நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே, 'நூர்ட்நோர்கே' கப்பல் பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் போகும் முழுப் பயணத்தையும் 134 மணி நேரம் இடைவிடாமல் நேரலையாகக் காட்டியது. கதை இல்லை, விறுவிறுப்பு இல்லை. கரை நகர்கிறது, அவ்வளவே. சுமார் 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் 32 லட்சம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் அதைப் பார்த்தார்கள். வழியெங்கும் மக்கள் படகெடுத்து வந்து கொடி ஆட்டினார்கள். பணம் கொடுத்து வாங்கியிருந்தால் இப்படி ஒரு விளம்பரம் கிடைத்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலகட்டத்தில் கம்பெனியின் கணக்குப் புத்தகம் சிரிக்கும்படி இல்லை. தடத்தில் மிஞ்சியிருந்த இரண்டு கம்பெனிகள் 2006 மார்ச்சில் இணைந்தன, அடுத்த வருடம் ஹுர்டிக்ரூட்டன் என்றே பெயர் வைத்துக்கொண்டன. தடத்தின் பெயர் கம்பெனியின் பெயரானது அப்போதுதான். கையோடு 2008 நிதி நெருக்கடியும் வந்தது, கடன் கழுத்தை நெரித்தது. 2002இல் கட்டிய புதிய 'ஃபின்மார்க்கன்' கப்பலை 2010இல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, எரிவாயுத் திட்டம் ஒன்றின் தொழிலாளர்கள் தங்கும் விடுதியாக ஒன்றரை வருடம் வாடகைக்கு விட்டார்கள். ஃபியோர்டு பார்க்கக் கட்டிய கப்பல்!

இன்னொரு பக்கம், குளிர்காலத்தில் வடக்கே கூட்டம் குறைகிறதே என்று 2002இலிருந்து 'நூர்ட்நோர்கே'யை அன்டார்க்டிகாவுக்கு ஓட்டினார்கள். 2007 நவம்பரில் அங்கே 'எக்ஸ்ப்ளோரர்' என்ற வேறொரு கம்பெனியின் கப்பல் பனியில் மோதி மூழ்கியபோது, உயிர்ப்படகுகளில் இருந்த 154 பேரையும் ஏற்றிக் காப்பாற்றியது இந்தக் கரையோரக் கப்பல்தான். அந்த வருடமே துருவப் பயணத்துக்கென்று 'ஃப்ராம்' வந்தது. 2014-15இல் பிரிட்டனின் முதலீட்டு நிறுவனமான டிடிஆர் கேப்பிட்டல் முன்னின்று கம்பெனியை வாங்கியதும் துருவப் பயணங்களில் முதலீடு பாய்ந்தது. 2019இல் பேட்டரியும் டீசலும் கலந்து ஓடும் 'ரோல்ட் அமுண்ட்சென்' வந்தது. 2020இல் அதே கப்பலில் கொரோனா பரவி, பயணிகளுக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று பெரிய சர்ச்சையானது. பிறகு கரையோரச் சேவையையும் துருவப் பயணத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். துருவப் பிரிவு இன்று எச்எக்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது.

இப்போது ஹாவிலாவுக்கு வருகிறேன். கிர்கெனெஸ் தடத்தை நார்வே அரசு ஒப்பந்தத்தில்தான் விடுகிறது. இத்தனை துறைமுகம், தினமும், வருடம் முழுக்க, இத்தனை பயணிகளுக்கும் சரக்குக்கும் இடம் என்று நிபந்தனை போட்டு, லாபம் வராத பகுதிக்குப் பணம் தருகிறது. நீண்ட காலம் டெண்டருக்கு எதிரே நிற்க யாரும் இல்லாததால், மானியம் அதிகமோ என்ற முணுமுணுப்பு அரசு தரப்பில் இருந்துகொண்டே இருந்தது. அதனால் 2021இலிருந்து தொடங்கும் பத்து வருட ஒப்பந்தத்தைத் துண்டு போட்டார்கள். 2018இல் முடிவு வந்தது. பதினொரு கப்பல்களில் ஏழு ஹுர்டிக்ரூட்டனுக்கு, நான்கு புதிதாக வந்த ஹாவிலாவுக்கு. அரசின் தாள்களில் தடத்தின் பெயர் 'கரையோரத் தடம்' என்று பொருள்படும் 'கீஸ்ட்ரூட்டன்'. பழைய பெயர் கம்பெனியின் சொத்தாகிவிட்டதால் ஹாவிலாவும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது.

ஹாவிலாவுக்கு ஆரம்பம் சரியாக அமையவில்லை. இரண்டு கப்பல்களைக் கட்டவேண்டிய ஸ்பெயின் கப்பல் கட்டும் தளம் நொடித்துப்போய், எல்லாம் துருக்கிக்கு மாறியது. 2021 டிசம்பரில்தான் முதல் கப்பல் 'ஹாவிலா கப்பெல்லா' ஓடியது. அதற்குக் கடன் கொடுத்தது ரஷ்ய அரசுக்குச் சொந்தமான குத்தகை நிறுவனம். 2022இல் உக்ரைன் போரையொட்டிய தடைகள் வந்ததும் கப்பல் பெர்கனிலேயே வாரக்கணக்கில் கட்டிப்போடப்பட்டது. இவற்றைத் தாண்டி 2023க்குள் நான்கும் வந்துவிட்டன. 6.1 மெகாவாட்-மணி பேட்டரியில் சுமார் நான்கு மணி நேரம் சத்தமும் புகையும் இல்லாமல் போகும் என்பதுதான் அவற்றின் பெருமை. ஹுர்டிக்ரூட்டனும் 2030 வாக்கில் புகையே இல்லாத கப்பல் என்று பாய்மரத்தோடு ஒரு வடிவமைப்பை 2023இல் காட்டியது. அது தண்ணீரில் இறங்கும்போது பேசலாம்.

எதில் போவது என்று கேட்டால், தடமும் துறைமுகங்களும் இரண்டுக்கும் ஒன்றுதான். புதுக் கேபினும் அமைதியும் வேண்டுமென்றால் ஹாவிலா. பழைய வாசனை வேண்டுமென்றால் ஹுர்டிக்ரூட்டனில் 1983ஆம் ஆண்டின் 'வெஸ்டெரோலன்' எந்தத் தேதியில் கிளம்புகிறது என்று பார்த்து எடுங்கள். தடத்தில் இன்று ஓடுவதில் மிகப் பழையது அதுதான். எதில் போனாலும் தெற்கு நோக்கி வரும்போது கப்பல் ஸ்டொக்மார்க்னெஸில் பகலில் நிற்கும். வித் கம்பெனி தொடங்கிய ஊர். துறையை ஒட்டியே அருங்காட்சியகம் இருக்கிறது. 1956இன் 'ஃபின்மார்க்கன்' முழுக்கப்பலாகவே கண்ணாடிக் கட்டடத்துக்குள் நிற்கிறது, டெக்கில் ஏறிச் சுற்றிவரலாம். நேரம் கொஞ்சம்தான், சங்கு ஊதுவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள்.